செக்ரோலில் விழுந்த காற்று

பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தை பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி என் மடியில் வைத்தார். "நீதான் பழைய பேப்பரெல்லாம் படிக்கிற ஆளு. பாரு, வேணாம்னா கொளுத்திடலாம்." உள்ளே சிவப்பு அடையாள அட்டையின் நகல் ஒன்று, தாத்தாவின் மரணச் சான்றிதழ், முருகன் படம் போட்ட காலண்டர் அட்டை. அதற்கடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சம்பளக் கார்டுகள். 1966-லிருந்து 1979 வரை. நடுவில் சில மாதங்கள் இல்லை, சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கார்டைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு கார்டு. நாளுக்கு ஒரு கட்டம். பால் கொட்டகையில் நிறுத்த எடையைக் கிராணி செக்ரோலில் எழுதுவார், அதிலிருந்து கார்டுக்கு ஏறும். முதலில் பவுண்டு, எழுபதுகளில் கிலோ. அரைப் பேர் போட்ட நாளுக்கு ஒரு சாய்கோடு. வேலையே இல்லாத மழை நாளுக்கு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. ரெயின்.

இரண்டு இரவு உட்கார்ந்து அந்த 'ஆர்'களை ஒரு நோட்டில் எடுத்து எழுதினேன். சுங்கை ரம்பாய் பக்கம் மழைக்காலம் என்றால் வருடக் கடைசி என்றுதான் மனதில் இருந்தது. அப்படித்தான் சில வரிசைகள் இருந்தன. 1971 ஜனவரி முதல் வாரம் முழுக்க 'ஆர்'. கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கிய அதே வாரம். ஆனால் மற்றவை அப்படியில்லை. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஒற்றை ஒற்றையாக. முந்தைய நாள் எடை உண்டு, அடுத்த நாள் எடை உண்டு, நடுவில் ஒரு 'ஆர்'. தொடர்ந்து பெய்யும் மழை இப்படிக் கோடு போடாது. விடியலில் ஒருமுறை அடித்துவிட்டு, பத்து மணிக்கு வெயில் காய்கிற ஒன்றுதான் இப்படிப் போடும்.

பாட்டி அதை 'அக்கரைக் காத்து' என்பார். பக்கத்துக் கம்போங் மலாய்க்காரப் பெரியவர்களுக்கு 'ஆங்கின் பாராட்', மேற்குக் காற்று. நீரிணையில் பாய்மரம் ஓட்டிய ஐரோப்பிய மாலுமிகள் அது வந்த திசையின் பெயரையே வைத்து 'சுமத்ரா' என்றார்கள். வானிலைக்காரர்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் சிங்கப்பூர் வானிலை அறிக்கையில் 'சுமத்ரா ஸ்குவால்' என்று வந்தால் இதுதான். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் இருக்கிறது. தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. கப்பலேறி வந்தவர்கள் அவற்றையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் இதைக் கோடை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊர்க் கோடை சூடாக அடிக்கும். இது உடம்பை நடுங்க வைக்கிற காற்று.

இது எப்படிப் பிறக்கிறது என்பது அழகான கதை. சுமத்ராவின் மேற்கு ஓரம் நெடுக, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்கு, புக்கிட் பாரிசான் மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சமான கெரிஞ்சி 3,805 மீட்டர். எங்கள் லயத்து வாசலிலிருந்து தெரியும் லேடாங் மலை 1,276 மீட்டர்தான், அதைவிட மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்தச் சரிவுகள் சூடேறி மேகம் கட்டும், பிற்பகலில் அங்கேயே இடித்துப் பெய்யும். இரவில் சரிவுகள் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி வழியும். கிழக்கே சதுப்பு நிலங்களைத் தாண்டி நீரிணைக்கு வந்து சேரும். இந்தப் பக்கத் தீபகற்பத்திலிருந்தும் இரவு நிலக்காற்று கடலுக்கு இறங்கும். நடுவில் வெதுவெதுப்பான கடல். இரண்டு குளிர்காற்றும் அங்கே முட்டினால் மேலேதான் வழி. நள்ளிரவுக்கு மேல் நீரிணை நெடுக வில் போல ஒரு மேக வரிசை எழும். தென்மேற்குப் பருவக் காற்று அதைக் கிழக்கே, நம் கரைக்குத் தள்ளும். மழையோடு இறங்குகிற குளிர்காற்று தரையில் மோதி, மழைக்கு முன்னாலேயே ஓடிவரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். ஒன்றிரண்டு மணி நேரம்தான், பிறகு தூறல், பிறகு வெயில். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இதன் பருவம்.

அதாவது பாட்டியின் கார்டில் 'ஆர்' போட்டது கடலுக்கு அப்பால் நிற்கும் ஒரு மலை. நம் ஊரில் இருந்துகொண்டு அந்த மலையைப் பார்க்கவே முடியாது.

வந்த நேரம்தான் கொடுமை. பால்மரம் விடியலில்தான் நன்றாகப் பால் விடும். இரவெல்லாம் இலை மூடிக்கிடந்து, பட்டைக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் நாலரைக்குப் பெரட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்கு ஓட்டம். சுமத்ராவுக்கும் அதே நேரம்தான் பிடிக்கும். பட்டை நனைந்திருந்தால் உளி போட முடியாது. பால், வெட்டின கோட்டில் ஓடாமல் மரம் முழுக்கப் பரவி வீணாகும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் மங்கில் இருக்கிற பாலும் நீராகப் போகும்.

இந்தக் காற்று மரத்தையும் சாய்க்கும். பாட்டி சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. காற்று அடித்து ஓய்ந்த பிறகு கங்காணியும் அவரும் நிரைக்குள் போய், விழுந்த மரங்களை எண்ணுவார்களாம். எல்லா மரமும் மூவார் பக்கம் தலையை வைத்துப் படுத்திருக்கும். "ஒரு தடவ மட்டும் அப்படி இல்ல. நடுவுல ஒரு எடம், சுத்தி நாலாப் பக்கமும் வெளிய பாத்து விழுந்து கெடந்துச்சு. வெளக்குமாத்த தரையில குத்துன மாதிரி. கங்காணி சாமி கோவம்னு சொல்லிட்டாரு." எனக்கு அப்போது பத்து வயது. சாமி கோபம் என்பதையே நம்பிக்கொண்டிருந்தேன். அதே படத்தைப் பல வருடம் கழித்து வேறொருவர் வாழ்க்கைக் கதையில் பார்க்கும்வரை.

டெட்சுயா ஃபுஜிட்டா 1920-ல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945 ஆகஸ்டில் அவர் கொக்குரா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். இரண்டாவது அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்தது கொக்குராதான். அன்று அந்த நகரம் மேலிருந்து தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்கள் கழித்து ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சேதத்தைப் பார்க்கப் போனார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றுகொண்டிருந்தன. சுற்றி இருந்தவை எல்லாம் வெளிப்பக்கமாக, நட்சத்திரம் மாதிரி விழுந்து கிடந்தன. மேலிருந்து கீழே அடித்து, தரையில் மோதி விரிந்த ஒன்று அப்படித்தான் எழுதிவிட்டுப் போகும்.

பிறகு அவர் சிகாகோ போனார், சூறாவளி ஆய்வில் பெயர் வாங்கினார். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே நாளுக்குள் 148 சுழற்காற்றுகள் அடித்தபோது, சிறு விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்த்தார். சுழற்காற்று தொட்டால் மரங்கள் சுழல் வடிவில் கிடக்க வேண்டும். சில இடங்களில் அப்படி இல்லை. நட்சத்திரம். நாகசாகியில் பார்த்தது. அடுத்த வருடம், 1975 ஜூன் 24, நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66 இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். விமானத்தின் பதிவுகளைப் பார்த்த ஃபுஜிட்டா, மழை மேகத்திலிருந்து ஒரு சிறு காற்றுத்தூண் கீழே அடித்துத் தரையில் விரிந்திருக்கிறது, விமானம் அதற்குள் போய்விட்டது என்றார். வானிலைத் துறையில் பலர் நம்பவில்லை. 1978 மே மாதம் சிகாகோ பக்கத்தில் டாப்ளர் ரேடாரில் அவர் அதைப் பிடித்துக் காட்டினார். இன்று அதற்குப் பெயர் மைக்ரோபர்ஸ்ட்.

எங்கள் கங்காணிக்கும் ஃபுஜிட்டாவுக்கும் வித்தியாசம் அறிவில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்வது சோம்பேறித்தனம். ஃபுஜிட்டா படித்தவர், கணக்குப் போட்டவர், வாதாடியவர். ஆனால் இருவரும் பார்த்தது ஒரே எழுத்து. ஒருவருக்கு அதைக் கேட்க ஒரு விமான நிறுவனம் இருந்தது. இன்னொருவர் சொன்னதைக் கேட்க விழுந்த மரக் கணக்கு எழுதுகிற கிராணி மட்டும்தான் இருந்தார்.

விமானத்துக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைக்கு மேல் ஓடும் காற்றின் வேகம். தரையைப் பொறுத்த வேகம் அல்ல. ஒரு பெரிய விமானம் இறங்கும்போது சுமார் 140 நாட் வேகத்தில் வரும். எதிர்காற்று 30 நாட் வீசிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த எதிர்காற்றும் சேர்ந்துதான் விமானத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். சில நொடிகளில் அது திடீரென நின்றுவிட்டால், முன்னால் பிடித்துக்கொண்டிருந்த கை விட்ட மாதிரி. விமானம் கனமான பொருள், உடனே வேகம் எடுக்காது. எஞ்சினும் முழு மூச்சுக்கு வர சில நொடி கேட்கும். உயரத்தில் இது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். தரைக்கு நூறு மீட்டர் மேலே என்றால் கதை வேறு. குறுகிய தூரத்தில் காற்றின் வேகமோ திசையோ இப்படி மாறுவதற்குத்தான் விண்ட்ஷியர் என்று பெயர். எதிர்காற்று 15 நாட்டுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ விமானிக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். 1982-ல் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்தில் பான் ஆம் 759, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 153 பேர். 1985-ல் டல்லாஸில் டெல்டா 191, 137 பேர். அதற்குப் பிறகுதான் காசு புரண்டது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில், விமான நிலையத்துக்கென்றே தனி டாப்ளர் ரேடார்கள் வந்தன.

ரேடாருக்கு ஒரு குறை உண்டு. அது காற்றைப் பார்ப்பதில்லை, காற்றில் போகிற மழைத்துளியைப் பார்க்கிறது. அனுப்பின அலை துளியில் பட்டுத் திரும்பும்போது, துளி நம்மை நோக்கி வந்தால் அலைவரிசை கொஞ்சம் ஏறியிருக்கும், விலகிப் போனால் இறங்கியிருக்கும். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தம் மாறுகிற அதே கதை. மழை இல்லையென்றால் இந்த ரேடாருக்கு அநேகமாகக் கண் இல்லை. சுமத்ராவுக்கு இது போதும், அது மழையோடுதான் வரும். ஆனால் வெயில் காயும்போது, மேகமே இல்லாத வானத்தில், மலை ஒன்று காற்றைக் கிழித்து அனுப்பினால்?

1966 மார்ச் 5-ல் நடந்தது அதுதான். ஃபுஜி மலைக்குப் பக்கத்தில் தெளிவான வானத்தில் ஒரு பி.ஓ.ஏ.சி. விமானம் மலையைத் தாண்டி வந்த காற்றில் உடைந்து விழுந்தது. 124 பேர். அது விமான நிலையத்தில் நடந்ததல்ல. மலைக்காற்றை விமான நிலையத்தின் வாசலிலேயே வைத்துக்கொண்டு வாழ வேண்டிய ஊர் ஹாங்காங்.

இங்கே ஒரு தற்செயல். நம்முடைய கே.எல்.ஐ.ஏ. செப்பாங்கில் விமானங்களை வாங்கத் தொடங்கியது 1998 ஜூன் 30. ஹாங்காங்கின் புதிய விமான நிலையம் திறந்தது 1998 ஜூலை 6. ஒரு வாரம் இடைவெளி. நம்முடையது செம்பனைக் காட்டுக்கு நடுவில், நாலாப் பக்கமும் சமதரை. அவர்களுடையது செக் லாப் கொக் என்ற தீவைச் சமப்படுத்தி, கடலைத் தூர்த்துக் கட்டியது. அதன் தெற்கே ஒட்டினாற்போல லாண்டாவ் தீவு. அதன் உச்சி 934 மீட்டர். உச்சிகளுக்கு நடுவே 400 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்த கணவாய்கள். வசந்த காலத்தில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்தும், புயல் நேரத்தில் தெற்கிலிருந்தும் காற்று அந்த மலையைத் தாண்டி வரும். கணவாய் வழியாக வருவது பாய்ச்சலாக வரும், உச்சிக்குப் பின்னால் இருப்பது தேங்கி நிற்கும். ஆற்றில் வரிசையாகப் பாறை கிடந்தால் கீழே தண்ணீர் கோடு கோடாக ஓடுமே, அப்படி. ஓடுபாதைக்கு இறங்கி வரும் விமானம் அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். பாய்ச்சல், தேக்கம், பாய்ச்சல். வானம் நீலமாக இருக்கும்.

அங்கே திறப்பதற்கு முன்பே டாப்ளர் ரேடார் வைத்துவிட்டார்கள். புயலிலும் இடிமழையிலும் அது வேலை செய்தது. மழை இல்லாத நாட்களின் மலைக்காற்றை அதனால் பார்க்க முடியவில்லை. திறந்து ஒரு வருடம் கழித்து, 1999 ஆகஸ்ட் 22-ல், சாம் என்ற புயல் நேரத்தில் சைனா ஏர்லைன்ஸ் 642 இறங்கும்போது தலைகீழாகப் புரண்டு தீப்பிடித்தது. 315 பேரில் மூன்று பேர் இறந்தார்கள். இறக்கத்தின் வேகத்தை விமானி கட்டுப்படுத்த முடியாமல் போனதைத்தான் விசாரணை முதலில் சொன்னது. கடைசி நேரக் காற்று மாற்றமும் அதில் பேசப்பட்டது. ஆகவே இதை 'மலைக்காற்று விபத்து' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

2002-ல் ஹாங்காங் வானிலை ஆய்வகம் விமான நிலையத்தில் ஒரு லைடாரை நிறுவியது. ரேடாரின் இடத்தில் லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அலைநீளம் 2 மைக்ரான். இவ்வளவு நுண்ணிய அலைக்கு மழைத்துளி தேவையில்லை. காற்றில் எப்போதும் மிதக்கிற தூசும் உப்பும் புகையும் போதும். அவற்றில் பட்டுத் திரும்புகிற ஒளியின் அலைவரிசை எவ்வளவு மாறும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு, ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. இதை எப்படி அளப்பது? கல்யாண வீட்டில் இரண்டு நாதஸ்வரம் சுருதி சேர்க்கும்போது, கிட்டத்தட்ட சேர்ந்தும் சேராமலும் இருக்கிற கட்டத்தில் ஒரு 'வொய்ங் வொய்ங்' விம்மல் கேட்கும். அந்த விம்மலின் வேகம்தான் இரண்டு சுருதிக்கும் உள்ள வித்தியாசம். லைடாரும் அதையே செய்கிறது. திரும்பி வந்த ஒளியை ஒரு மூல ஒளியோடு கலந்து, விம்மலை எண்ணுகிறது.

எண்ணிவிட்டாலும் முடியவில்லை. லைடாருக்குத் தன்னை நோக்கி வருவதும் தன்னைவிட்டு விலகுவதும்தான் தெரியும். குறுக்கே போகிற காற்று தெரியாது. விமானிக்கோ தன் இறங்குபாதையில் எதிர்காற்று எவ்வளவு என்பது மட்டும்தான் வேண்டும். அதனால் கருவியை ஓடுபாதைகளுக்கு அருகிலேயே வைத்தார்கள். வானத்தைப் பொதுவாகச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், விமானம் வருகிற சரிவின் மேலேயே கதிரை நகர்த்திக்கொண்டு போகும் முறையை வகுத்தார்கள். விமானத்துக்கு முன்னால் ஒரு கண் அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு வருகிற மாதிரி. இந்த வேலையில் முன்நின்றவர்கள் ஷுன் சி-மிங், சான் பாக்-வாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள். இருவருமே பின்னாளில் அந்த ஆய்வகத்தின் இயக்குநரானவர்கள். 2005 கடைசியில் எச்சரிக்கை தானாகவே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போகத் தொடங்கியது. உலகத்தில் முதன்முறை. லைடாருக்கும் குறை உண்டு. கனமழையிலும் மேகத்திலும் ஒளி உள்ளே போகாது. அப்போது ரேடார் பார்க்கும். மழைக்கு ஒரு கண், வெயிலுக்கு ஒரு கண். அங்கே ஏறத்தாழ ஐந்நூறு விமானங்களில் ஒன்று குறிப்பிடத்தக்க விண்ட்ஷியரைச் சந்திப்பதாகக் கணக்கு.

இவ்வளவும் எனக்கு ஏன் தெரியும் என்றால், நான் அந்த ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். 2018 ஆகஸ்டில் பாட்டி தவறிவிட்ட செய்தி வந்ததும் நள்ளிரவு விமானத்தில் ஏறினேன். விடியல் ஐந்தரைக்குச் செப்பாங். சக்கரம் இறங்கிவிட்டது, ஜன்னலில் மழை, கீழே செம்பனை வரிசையில் விளக்கு. திடீரென்று எஞ்சின் அலறி, மூக்கு மேலே தூக்கி, திரும்பவும் மேகத்துக்குள். பக்கத்து இருக்கைச் சீனப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து விமானியின் குரல் வந்தது, அலட்டிக்கொள்ளாமல். ஓடுபாதைப் பக்கம் விண்ட்ஷியர் எச்சரிக்கை, நீரிணையிலிருந்து ஒரு மழை வரிசை வருகிறது, அது போகும்வரை சுற்றிக்கொண்டிருப்போம். நாற்பது நிமிடம் சுற்றினோம். செப்பாங்குக்காகப் புக்கிட் தம்போய் குன்றில் ஒரு டாப்ளர் ரேடார் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த எச்சரிக்கை அங்கிருந்து வந்ததா, விமானத்தின் சொந்தக் கருவியிலிருந்தா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை. சுங்கை ரம்பாய் போய்ச் சேரும்போது பாடை கட்டி முடித்திருந்தார்கள். "எடுத்துருவோமா"ன்னு சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்த நேரம். முகம் பார்த்துவிட்டேன்.

அன்றைக்குத் தோன்றவில்லை, டின்னைத் திறந்த பிறகுதான் தோன்றியது. பாட்டியின் கார்டில் 'ஆர்' போட்ட அதே காற்றுதான் என்னை நாற்பது நிமிடம் வானத்தில் நிறுத்தியது. எனக்கு அதைச் சொல்ல ஒருவர் இருந்தார். கோடிக் கணக்கில் செலவழித்து அந்தக் காற்றை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்திலும் அளந்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. தோட்ட ஆபீஸ்களில் மழைமானி இருக்கும், காலையில் கிராணி போய் அளந்து எழுதுவார். 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எந்த ரக மரம் காற்றுக்கு முறியும், எது தாங்கும் என்று பல காலம் பார்த்து, எங்கே எதை நடலாம் என்று பரிந்துரை கொடுத்தது. மரம் முறிந்தால் முப்பது வருட வருமானம் போகிறது, அதனால் அந்த ஆராய்ச்சி நடந்தது. நல்ல ஆராய்ச்சிதான். காற்று மரத்தில் என்ன செய்கிறது என்பது அதில் இருக்கிறது. மரத்தடியில் நின்றவருக்கு என்ன செய்தது என்பது அதன் கேள்வி இல்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று மழைமானி சொல்லும், எத்தனை மணிக்கு என்று சொல்லாது. வெட்டுகிறவருக்கோ மணிதான் எல்லாமே. இரவு இரண்டு மணிக்கு அடித்து ஓய்ந்தால் ஏழு மணிக்குப் பட்டை காயும், தாமதமாகவாவது வெட்டலாம். ஐந்துக்கு அடித்தால் பெரட்டுக் களத்தோடு வீடு. ஏழுக்கு அடித்தால்?

அதற்கான பதில் கார்டிலேயே இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. சில 'ஆர்'களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி. மையில் எழுதின கிராணியின் கை அல்ல. கரையான் எச்சம் என்றுகூட முதலில் நினைத்தேன். அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது அம்மா வச்சது. வெட்டி முடிச்ச பெறகு மழை ஊத்துன நாளு. மங்குல இருந்ததெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிரும். முந்நூறு மரம் வெட்டியிருப்பாங்க, கொட்டகைக்குப் போனா எடை இல்ல. எடை இல்லன்னா பேரு இல்ல. வேலைக்கே போகாதவங்களுக்கும் ஆர், இவங்களுக்கும் ஆர். எழுதத் தெரியாதில்ல, அதான் புள்ளி."

"எதுக்கு வச்சாங்க? யார்கிட்டயாச்சும் காட்டுனாங்களா?"

"ஒரு தடவ தொரகிட்ட கொண்டு போனாங்க. கிராணி எழுதுனதுதான் கணக்குன்னு சொல்லிட்டான். அப்பறமும் வச்சிக்கிட்டேதான் இருந்தாங்க."

எழுபதுகளில் மலாக்கா கரையில் சுமத்ரா எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று அந்தக் கார்டில் ஓரளவுக்குப் படிக்கலாம். புள்ளி இல்லாத 'ஆர்' என்றால் ஆறு மணிக்கு முன்னால். புள்ளி வைத்த 'ஆர்' என்றால் ஆறிலிருந்து பத்துக்குள். சேதம் பார்த்துக் காற்றைப் படிக்கிற வேலைதான் இது, ஃபுஜிட்டா செய்தது. தனித் தாளில் புள்ளி வைத்த தேதிகளை மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

போன மாதம் அதே தோட்டத்துக்குப் போனேன். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. குலை வெட்டிக்கொண்டிருந்தவர் ஜாம்பியிலிருந்து வந்தவர், சுமத்ரா ஆள். விடியல் காற்றைப் பற்றிக் கேட்டேன். எங்க ஊர்ல சாயங்காலமே பெஞ்சு முடிஞ்சிரும், மிச்சத்தைத்தான் உங்களுக்கு அனுப்புறோம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கையில் இருந்த போனில் ரேடார் படத்தைத் திறந்து காட்டினார். நீரிணைக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாக ஒரு வில். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் கிளம்புவாராம். மழை பெய்கிற நாளில் சம்பளம் உண்டா என்று கேட்டேன். குலைக்கு இவ்வளவு என்று கூலி, மழையில் எப்படி வெட்டுவது என்றார்.

வீட்டுக்கு வந்து மீதித் தேதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு இப்ப காசு குடுப்பாங்களா?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

1972, ஜூன் 14. புள்ளி. அதற்கு அடுத்த நாள் எடை நாற்பத்தோரு பவுண்டு.